நுனி இல்லாதது

பதுளையில் ரயிலேறும்போது
மடியில் ஐஸ்பெட்டி.
உள்ளே பதினொரு பேரின் எச்சில்.
பக்கத்து இருக்கைக்காரர், மீனா என்றார்.
ஆமென்றேன்.
எச்சில் என்றால் எழுந்து போயிருப்பார்.

பத்தாம் குழாய் இன்பராணி.
வயது நாற்பத்தேழு.
இடது கன்னத்தின் உட்புறம் நான்கு மாதமாய் ஆறாத புண்.
ஒப்புதல் படிவத்தை இரண்டு முறை படித்தாள்,
கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்கிற
அதே சந்தேகத்தோடு.

"இது மருந்தா தம்பி?"
இல்லை.
"முடிவு எனக்குச் சொல்லுவீங்களா?"
இல்லை. இது ஆய்வு.
உங்களுக்குப் பிறகு வருகிறவர்களுக்கு.
"சரி குடுங்க.
இருவது வருசமா வெத்தலையத் துப்பிக்கிட்டுத்தான் இருக்கேன்,
இன்னைக்குத்தான் ஒருத்தர் ஏந்திப் பிடிக்கிறீங்க."

இதில் எதைத் தேடுவாய் என்று கேட்டாள்.
சொன்னேன்.
செல்லுக்குள் நூல் நூலாய்ச் செய்திகள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, ஒரு வால்.
வேலை முடிந்தால் நுனியைப் பிடித்துத் தின்ன
நொதிகள் காத்திருக்கும்.
சில நூல்கள் மட்டும் பின்பக்கமாய் வளைந்து
தன் வாலைத் தன் தலையோடு முடிந்துகொள்ளும்.
தின்ன வந்தது சுற்றிச் சுற்றி வரும்,
பல் வைக்க ஒரு நுனி கிடையாது.
மற்றவை கரைந்த பிறகும் கிடக்கும்
இரத்தத்தில், எச்சிலில்.
முதலில் கண்டவர்கள்
வெட்டி ஒட்டுகையில் செல்லுக்குக் கை தவறியது என்று
ஒதுக்கிவிட்டார்கள்.

"தெமோதரையில ரயிலு தன் வயித்துக்குக் கீழயே பூருதே,
அது மாதிரியா?"
கிட்டத்தட்ட.
ரயில் வெளியே வந்துவிடும்.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அப்ப ரயிலு இல்ல. அட்வான்ஸு.
சம்பளத்துல வெட்டுவாங்க,
வெட்டுன கையோட திரும்ப வாங்குவோம்.
எது மொதல்ல வந்துச்சுன்னு
கணக்கப்புள்ளைக்கே தெரியாது."

பேராதனை, இரவு ஒன்பதரை.
நுனி தேடும் நொதியை ஊற்றி
முப்பத்தேழு பாகையில் கால்மணி நேரம்.
நீள நூல்கள் எல்லாம் போயின.
பிறகு, முதுகு காட்டி நிற்கும் இரண்டு தொடக்கிகள்.
நேர்நூலில் அவை விலகி விலகி ஓடும்,
ஒருநாளும் பார்த்துக்கொள்ளா.
வட்டத்தில் மட்டும்
மறுபக்கம் போய்ச் சந்திக்கும்.
பத்தாம் குழாயில் சந்தித்தன.
ஊதா ஒளியில் ஒரு கோடு,
மற்ற பத்தையும் விடப் பளிச்சென்று.
கைதட்டினேன். அறையில் யாருமில்லை.
பிறகுதான் வெட்கம் வந்தது.

என்ன செய்கிறது இந்த வட்டம்?
வளர்ச்சியை அடக்க வரும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை
மேலெல்லாம் ஒட்டி வைத்துக்கொள்கிறது.
வாட்ச்சர்மார் எல்லாரும் ஒரே தேநீர்க்கடையில் இருக்க
ஸ்டோர் கதவு திறந்து கிடப்பது போல.
அப்படித்தான் நினைக்கிறோம்.
கட்டியை அடக்குகிற வட்டங்களும் உண்டாம்.
பேராசிரியை என் அறிக்கையில்
மூன்று இடத்தில் 'இருக்கலாம்' சேர்த்தார்.

இரண்டாம் மாதிரிக்கு இன்பராணி வரவில்லை.
அழைத்தேன்.
ஆஸ்பத்திரிக்கு வந்தால் பேர் விழாது,
போன வாரமே நாலு நாள் அரைப்பேர் என்றாள்.
குரல் மணலை அரைத்தது.
தோட்டத்துக்கே வருகிறேன், குழாயோடு.
"வரலாம் தம்பி. துப்புறதுக்குத்தான் ஒண்ணுமில்ல.
கரண்டு வச்சதுல வாய் காஞ்சு போச்சு.
சோத்தையே தண்ணி ஊத்தித்தான் முழுங்குறேன்."

மாதிரி இல்லாததற்குக் காரணம் கேட்டது கணினி.
மறுத்தார், இடம் மாறினார், இறந்தார்:
மூன்றே தெரிவுகள்.
'வாய் உலர்ந்தது' என்று தட்டினேன்.
சிவப்பில் மறுத்தது.

பத்தாம் குழாய் இன்னும் இருக்கிறது,
மைனஸ் எண்பதில், மூன்றாம் தட்டில்.
அரை மில்லிலீட்டர்.
அவளிடம் இல்லாத எச்சில்.